மண் அளையிற வயசே?

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை, அதுவும் மண்ணைப் பற்றி. சிரிக்காதீர்கள்.

நான் சுன்னாகத்தில் இருக்கிறேன். வங்கி ஒன்றில் வேலை. காலையில் இருந்து பின்னேரம் வரை மற்ற ஆட்களின் காசு, மற்ற ஆட்களின் அவசரம். வீட்டுக்கு வந்தால் மகனின் புலமைப்பரிசில் பரீட்சை. எல்லாரும் படுத்த பிறகு போனைக் கையில் எடுத்தால் ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். பிறகு நித்திரை வராது. அந்தப் போனில்தான் ஒருநாள் யப்பானில் ஒருவர் வெறும் மண்ணை உருட்டி, கையாலேயே தேய்த்துப் பளபளவென்று மினுக்குகிற வீடியோவைப் பார்த்தேன். வளவு முழுக்கச் செம்பாட்டு மண்தானே கிடக்கிறது என்று மகனும் நானுமாகத் தொடங்கினோம். அவன் ரியூசன் என்று கொஞ்ச நாளில் விட்டுவிட்டான். எனக்கு விட மனம் வரவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் குசினி வாசலில் இருந்து உருட்டுகிறேன். அந்த நேரம் தலைக்குள் ஒன்றும் ஓடாது. நித்திரையும் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் உருண்டைகள் மறுநாளே வெடித்துப்போகின்றன. கெதியாகக் காயட்டும் என்று ஃபானுக்குக் கீழேதான் வைக்கிறேன். வெடிக்காமல் தப்பிய ஒன்றிரண்டும் மங்கலாகவே இருக்கின்றன, மினுக்கம் வரவே இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு கதை. அம்மா, "மண் அளையிற வயசே உனக்கு? பிள்ளையைப் படிப்பிக்கிறதை விட்டிட்டு" என்கிறா. கணவர், விற்கலாமென்றால் செய், இல்லாவிட்டால் எதற்கு என்கிறார். கூட வேலை செய்கிற ஒருவர், இது சென் பௌத்தத் தியானம், யப்பான்காரருக்குப் பொறுமை இரத்தத்திலேயே இருக்கிறது, எங்களுக்கு அது சரிவராது என்றார். தங்கச்சி ரொறன்ரோவில் இருந்து, எங்கள் வளவு மண்ணில் ஒன்று செய்து அனுப்பச் சொல்கிறாள். சூளையில் சுட்டால் உடையாமல் போகுமா? அந்தத் தியானக் கதை உண்மைதானா? எங்கள் ஆட்கள் இப்படி ஏதும் செய்திருக்கிறார்களா?

அன்புடன்,
வாசகி, சுன்னாகம்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

சிரிக்கவில்லை. முதலில் ஃபானை நிப்பாட்டுங்கள், மற்றதைப் பிறகு கதைப்போம்.

மண் உருண்டை வெளியில் இருந்து உள்நோக்கிக் காயும். ஃபான் காற்று மேல்படையைச் சட்டென்று உலர்த்திவிடும், நடுப்பகுதி ஈரமாகவே கிடக்கும். காய்கிற களி சுருங்குகிற களி. மேல்படை சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கிற ஈரமண் அதற்கு இடம் கொடுப்பதில்லை, அதனால் மேல்படை கிழிகிறது. நீங்கள் காண்கிற வெடிப்பு அதுதான். சோளகம் வீசுகிற மாதங்களில் ஃபான்கூடத் தேவையில்லை, யன்னலைத் திறந்து வைத்தாலே வெடித்துவிடும். ஆகவே இந்த வேலையின் பாதி, காய்வதைத் தள்ளிப்போடுவது.

உங்களுக்கு வாய்த்த மண் நல்ல மண். வலிகாமத்தில் சுண்ணக்கல்லுக்கு மேலே கிடக்கிற இந்தச் செம்பாட்டு மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டால் வருவது. இதில் இருக்கிற களி பெரும்பாலும் கயோலினைட் வகை. தண்ணீர் பட்டால் பெரிதாக ஊதாது, காய்ந்தால் பெரிதாகச் சுருங்காது. மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருக்கிற கறுத்தக் களியை எடுத்தால் கதை வேறு. அது மாரியில் ஊதி, கோடையில் நிலமே பாளம் பாளமாக வெடிக்கிற மண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் எங்கள் சுண்ணக்கல்லோடு சேர்க்க அந்த முருங்கன் களியைத்தான் கொண்டுவந்தார்கள். சீமெந்துக்கு அது நல்லது, உருண்டைக்குப் பெரிய தலையிடி. வடமராட்சி கிழக்கு வாசகர்களுக்கு இந்த இடத்தில் என் அனுதாபம். மணற்காட்டு மணலில் எதை உருட்டினாலும் கையை விரித்ததும் போய்விடும். கடல்நீரேரிக்குப் பக்கத்து மண்ணும் வேண்டாம். அதில் இருக்கிற உப்பு, காயக் காய மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். அதற்குப் பிறகு என்ன தேய்த்தாலும் பிரயோசனமில்லை.

தோட்டத்து மண்ணை விட வளவு மண் நல்லது. வெங்காயமும் புகையிலையும் போட்ட மண்ணில் அடித்த மருந்தெல்லாம் இருக்கும், அதை மணிக்கணக்காக வெறுங்கையில் பிசைய வேண்டிய தேவை இல்லை. கிணறு வெட்டியபோது ஒதுக்கிக் கொட்டிய மண் எங்காவது கிடந்தால் அதைப் பாருங்கள். மாரியில் வயலிலும் வாய்க்காலிலும் இருந்து ஈரமண் அள்ளவே கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி ஆட்கள் செத்தது மறந்திருக்காது. அந்தக் கிருமி ஈரத்தில் இருக்கும், நன்றாகக் காய்ந்தால் சாகும். அதனால் எடுத்த மண்ணைச் சாக்கில் பரப்பி நல்ல வெயிலில் காயவிட்டு, பிறகு தொடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கையுறை போடாமல் இதைச் செய்யவேண்டாம். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் உண்டு, மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிற பாக்டீரியாவால் வருவது. இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது, நீரிழிவுக்காரரைத்தான் முதலில் பிடிக்கும். இன்னொன்று, இதை வாசித்துவிட்டு யாராவது புது மண் தேடி முகமாலைப் பக்கம் போய்த் தோண்டினால் அது விளையாட்டாக இருக்காது. கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த மண் அது.

சரி, செய்முறைக்கு வருவோம். காய்ந்த மண்ணைக் கட்டி உடைத்து, மா அரிக்கிற அரிதட்டால் அரியுங்கள் (பழைய அரிதட்டு, அம்மாவிடம் கேட்டுவிட்டு). சுண்ணக்கல் துணிக்கையும் வேரும் தப்பிப் போகக்கூடாது. உள்ளே ஒரு கல் இருந்தால் அதைச் சுற்றித்தான் முதல் வெடிப்பு வரும். ஒரு பங்கை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். பெரும்பாலானோர் பிழைவிடுகிற இடம் இது. உருட்டச் சுகமாக இருக்கிறது என்று குழைத்துவிடுகிறார்கள். எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறதோ அவ்வளவும் வெளியே வரவேண்டும், அவ்வளவுக்கு உருண்டை சுருங்கவும் வேண்டும். தோடம்பழ அளவுக்கு உருட்டி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து மெல்ல அமத்துங்கள். கையை ஒருமுறை குலுக்கினால் தண்ணீர் மேலே கசிந்து வந்து மினுங்கும். அதைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் அமத்துங்கள். உள்ளே காற்றுப் பொந்து இருக்கக்கூடாது.

பிறகு அரித்த காய்ந்த தூளை மேலே தூவி, பெருவிரலின் அடிச்சதையால் வளைவோடு வருடவேண்டும். தூள் ஈரத்தை உறிஞ்சி ஒரு படையாக ஒட்டும். மறுபடி தூவல், மறுபடி வருடல். உருண்டை கையில் ஒட்டாமல் வந்ததும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, பழைய துணிமேல் வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பையின் உட்பக்கம் வியர்த்திருக்கும். உள்ளே இருந்த ஈரம் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்து, திரும்பவும் தூவி வருடி, பைக்குள். இதை எத்தனை தடவை செய்வது என்று கேட்காதீர்கள். பை வியர்ப்பதை நிறுத்தும்வரை. ஒரே நாளில் முடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கிழமைக்கணக்கில் வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இரவில் மட்டும் நேரம் கிடைக்கிற உங்களுக்கு இரண்டாவது வழிதான் சரி. பகல் முழுக்க அது பைக்குள் தன் பாட்டுக்கு வியர்த்துக்கொண்டிருக்கட்டும்.

உருண்டை சரியான வட்டமாக வராவிட்டால், அதைவிடச் சிறிய வாயுள்ள ஜாம் போத்தல் ஒன்றை எடுங்கள். போத்தல் வாயில் உருண்டையை வைத்து எல்லாப் பக்கமும் திருப்பிக்கொண்டே போனால் மேடான இடங்களைக் கண்ணாடி விளிம்பு செதுக்கிவிடும். கொஞ்சம் இறுகிய பிறகு, ஆனால் முற்றாகக் காய்வதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.

இனி மினுக்கம். உங்கள் உருண்டை மங்கலாக இருப்பதற்குக் காரணம் கடைசியாகப் பூசிய தூள்தான் என்று நினைக்கிறேன். அரிதட்டுக்குள்ளால் நுண்மணலும் வந்துவிடும். மினுக்குகிற நேரத்தில் ஒரு மணல் துணிக்கை இருந்தாலும் கோடு கீறும். கடைசிப் படைக்கு மணலே இல்லாத தூள் வேண்டும். அதற்குக் குயவர்கள் செய்கிற வழி இருக்கிறது. வாளித் தண்ணீரில் மண்ணைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். மணல் அரை நிமிடத்துக்குள் அடியில் போய்விடும். மேலே இருக்கிற கலங்கலை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி அடையவிட்டு, தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருக்கிற சேற்றைக் காயவைத்துப் பொடியாக்குங்கள். இதற்கு மழைத்தண்ணீர் கிடைத்தால் பிடித்து வையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல்சியத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும். அந்தக் கல்சியம் களித்துகள்களைக் கூட்டம் சேர்த்துச் சீக்கிரமாகக் கீழே இறக்கிவிடும். நுண்ணியதும் பருமனும் ஒன்றாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். மழைத்தண்ணீரில் நுண்ணியது நீண்டநேரம் மிதந்து நிற்கும், பிரித்தெடுக்கச் சுகம்.

களித்துகள் 0.002 மில்லிமீற்றருக்கும் சின்னது. அதன் வடிவம் தட்டையான தகடு. சும்மா பூசிய சேற்றில் தகடுகள் கண்டபாட்டுக்குக் கிடக்கும், விழுகிற வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். அதைத்தான் மங்கல் என்கிறோம். நீங்கள் உள்ளங்கையால் நுண்தூளைத் தடவித் தடவி வருடும்போது மேல்படைத் தகடுகள் கிடுகு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும். மிச்ச இடைவெளியைத் தூள் அடைக்கும். வந்த வெளிச்சம் சிதறாமல் ஒரே பக்கமாகத் திரும்பும். எண்ணெய், வார்னிஷ் ஒன்றும் வேண்டாம். யாராவது வீடியோவில் எண்ணெய் பூசினால் அதை மூடிவிடுங்கள். துணியால் மினுக்குவது கடைசி வேலை, பழைய பெனியன் துணி போதும். ஆனால் ஈரம் முற்றாகப் போகாமல் துணியைத் தொட்டீர்களென்றால் அவ்வளவு நாள் வருடிய படை துணியோடு உரிந்து வந்துவிடும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க உருண்டையைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, திரும்பப் பைக்குள் போடுங்கள்.

சூளையில் சுட வேண்டாம். இவ்வளவு தடித்த உருண்டையின் நடுவில் மிச்சமிருக்கிற ஈரம் சூட்டில் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் உருண்டையையே வெடிக்கவைக்கும். பக்கத்தில் இருக்கிற சட்டி பானைகளும் சேர்ந்து உடையும், சூளைக்காரர் உங்களை மறக்கமாட்டார்.

இனி உங்களோடு வேலை செய்கிறவரின் சென் தியானம். யப்பானில் இதற்கு ஹிகாரு தொரோதாங்கோ என்று பெயர். மினுங்குகிற மண்ணுருண்டை, அவ்வளவுதான். அங்கே மண் உருண்டை பிடிப்பது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு. மறந்துகொண்டிருந்த அந்த விளையாட்டைத் திரும்பப் பேசவைத்தவர் ஃபுமியோ காயோ, கியோத்தோ கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த உளவியல் பேராசிரியர். 1999இல் கியோத்தோவில் ஒரு பாலர் பாடசாலையில் மினுங்குகிற உருண்டை ஒன்றைக் கண்டுவிட்டு, அது எப்படி வருகிறது என்று தானே செய்து பார்க்கத் தொடங்கினார். ஏறத்தாழ 200 தடவை சரிவரவில்லையாம். பிறகு இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மேற்பரப்பைப் பார்த்து, பாலர் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய ஒரு முறையை உண்டாக்கினார். மினுக்கத்துக்கு 5 வரை புள்ளி போடுகிற ஒரு அளவுகோலும் வைத்திருந்தார். இந்தக் கதையில் புத்த பிக்கு எங்கே வருகிறார்? ஆயிரம் வருடத்துத் தியானம் என்று சொன்னால் வெளிநாட்டில் நன்றாக விலைப்படும், அதனால் சொல்கிறார்கள். இப்போது தொக்கொனாமே என்கிற பழைய மட்பாண்ட ஊரில் இனாக்ஸ் அருங்காட்சியகத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கே இதைச் செய்யக் கொடுக்கிறார்கள், வண்ணக் களி பூசி, ஒரே அமர்வில். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் புரூஸ் கார்ட்னர் என்கிற கலைஞர் வெவ்வேறு இடத்து மண்ணைத் தேடி எடுத்து உருட்டுகிறார். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு குணம். உங்களுக்கு விருப்பமிருந்தால் அந்த வழியில் போகலாம். சுன்னாகத்து மண்ணும் புத்தூர் மண்ணும் ஒன்றா என்று உருட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பொறுமை இரத்தத்தில் இருக்கிறது என்ற கதையையும் நான் ஏற்கமாட்டேன். எங்களுக்குப் பொறுமை இல்லை என்றவர் வெங்காயம் நட்ட ஒருவரையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கமாட்டார். மண்ணை மினுக்குவதும் எங்களுக்குப் புதிதில்லை. உங்கள் பக்கத்து ஊர் கந்தரோடை. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்து ஆய்வாளர்கள் அங்கே அகழ்ந்தார்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தார்கள். இரண்டு இடத்திலும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வந்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பொருட்கள். அவ்வகைப் பாண்டங்களின் மினுக்கம் மேலே ஊற்றிய பூச்சினால் வந்ததில்லை. பாதி காய்ந்த நிலையில் வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து, அதற்குப் பிறகு சுட்டிருக்கிறார்கள். நீங்கள் பெருவிரலால் செய்கிற அதே வேலை, அதே தகடுகள். நல்லூரில் நாவலர் வீதியில் இருக்கிற தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போனால் கந்தரோடைப் பொருட்களைப் பார்க்கலாம். கண்ணாடிக்குப் பக்கமாகக் குனிந்து, வெளிச்சம் சரிவாக விழுகிற கோணத்தில் பாருங்கள். மினுக்குகிற ஆளுக்குத்தான் மினுக்கத்தைப் பார்க்கத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியோடு எனக்கு உடன்பாடில்லை. உருட்டும்போது தலைக்குள் ஒன்றும் ஓடாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பவில்லை. நானும் உருட்டுகிற ஆள்தான், என் தலைக்குள் நிறைய ஓடும். இந்தப் பக்கம் கொஞ்சம் தட்டையோ? ஈரம் கூடிப்போச்சோ? இப்போது தூவவா, இன்னும் பொறுக்கவா? இந்த மயிரளவு கீறல் மூடுமா, வளருமா? முழுக்க முழுக்கக் கவலைதான். ஆனால் எல்லாம் கைக்குள் அடங்குகிற கவலை, விடையும் கைக்குள்ளேயே கிடைக்கிற கவலை. வங்கிக் கணக்கோ பிள்ளையின் பரீட்சையோ அப்படி இல்லை. அதனால்தான் மனம் இறங்குகிறது என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது. இரண்டு கையும் சேறு, போனைத் தொட முடியாது. எத்தனையோ அறிவுரைகள் செய்யாததைச் சேறு செய்துவிடுகிறது.

இதை வைத்துத்தான் சொல்கிறேன், மன அமைதிக்காக உருட்டுகிறேன் என்று உட்காராதீர்கள். அமைதி வந்ததா என்று ஒவ்வொரு இரவும் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு பரீட்சை ஆகிவிடும். உருண்டை வெடிக்கக்கூடாது என்பதற்காக உருட்டுங்கள். மற்றது வந்தால் வரட்டும். மருந்தென்றும் எண்ணவேண்டாம். நித்திரையில்லாமை மாதக்கணக்கில் இழுத்தால் மருத்துவரிடம் போவதுதான் வழி. யாழ் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விற்கலாமா என்று கணவர் கேட்டிருக்கிறார். விற்கலாம், வாங்குகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் விற்கத் தொடங்கிய நாளில் இருந்து வெடிக்கிற உருண்டை நட்டக் கணக்கில் போகும். பிறகு சீக்கிரம் காயவைக்க வழி தேடுவீர்கள், எண்ணெய் பூசுவீர்கள், நான் மேலே சொன்ன வீடியோவில் நீங்களே நிற்பீர்கள். நாள் முழுக்கக் காசு எண்ணுகிற ஒரு ஆளுக்குக் காசு வராத ஒரு வேலை இருக்கட்டுமே. எங்கள் ஊரில் எதைத் தொட்டாலும் சேர்டிபிக்கட் உண்டா, புள்ளி உண்டா, வெளிநாடு போக உதவுமா என்று கேட்கிற பழக்கம் இருக்கிறது. பாட்டுக்கும் நடனத்துக்கும்கூடப் பரீட்சை வைத்துத்தான் விட்டோம். மண்ணுருண்டைக்கு இன்னும் பாடத்திட்டம் வரவில்லை, அதைக் கெடுக்காதீர்கள்.

அம்மாவோடு வாதாட வேண்டாம். ஒருநாள் சும்மா பக்கத்தில் இருத்தி, சாணி மெழுகின வீட்டில் கையை எந்தப் போக்கில் இழுப்பீர்கள் என்று கேளுங்கள். தரையை மெழுகி வளர்ந்த கை அது. உங்களையும் என்னையும் விட அதற்கு ஈரமும் உலர்வும் தெரியும். கேட்டால் சொல்லுவா. சொல்லிக்கொண்டே உருண்டையைப் பறித்துச் செய்து காட்டினாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

மகனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டாயம் என்று வந்தால் இதுவும் ரியூசன்தான். பரீட்சை முடியட்டும் என்று ஒதுக்கியும் வைக்காதீர்கள். புலமைப்பரிசிலுக்குப் பிறகு சாதாரணதரம், அதற்குப் பிறகு உயர்தரம், முடிகிற வரிசை இல்லை அது. பாதி உருட்டியதை அவன் போகிற வருகிற இடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். கைபட்டுக் குழி விழுந்தால் ஏசவேண்டாம், அந்த இடத்தில் தூள் போட்டு நிரப்பலாம்.

கடைசியாக உங்கள் தங்கச்சி. ரொறன்ரோவுக்கு உருண்டை அனுப்ப முடியாது. கனடா எங்கள் போன்ற நாடுகளில் இருந்து அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண்ணை உள்ளே விடுவதில்லை. பயிர்களுக்கு நோயும் பூச்சியும் வந்துவிடும் என்ற பயம், நியாயமான பயம்தான். எவ்வளவு மினுக்கினாலும் சுங்கத்தில் அது மண். பொட்டலத்தைப் பிரித்தால் போய்விடும். பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே ஒளித்துக் கொண்டுபோகச் சொல்லியும் கொடுக்காதீர்கள். அவ ஊருக்கு வரும்போது உங்கள் வளவிலேயே ஒன்று உருட்டட்டும். அதுவரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. ரொறன்ரோவில் களிக்குப் பஞ்சமா என்ன? டொன் பள்ளத்தாக்கில் பெரிய செங்கல் தொழிற்சாலையே நூறு வருடமளவில் களி வெட்டி ஓடியிருக்கிறது. இப்போது அந்த இடம் பூங்கா, அங்கே தோண்டவேண்டாம். பனி உருகிய பிறகு தன் வீட்டுப் பின்வளவில் ஒரு சாண் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மண்ணின் குணம் வேறாக இருக்கும், முதல் உருண்டை அநேகமாக வெடிக்கும். குளிர்காலம் என்றால் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணா